ரெண்டு லட்சத்துக்கு பிசியா, அம்பதாயிரத்துக்கு கன்சோலா? காச எங்க போடலாம்

கேம் ஆடுறதுக்காக மட்டும் ரெண்டு லட்சம் போட்டு பிசி அசம்பிள் பண்ணலாமான்னு யார் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்வேன். பிசியே வேண்டாம்னு இல்ல, அந்த ரெண்டு லட்சம்தான் வேண்டாம். யூடியூப்ல பில்ட் வீடியோ பாத்துட்டு கனவு காணுற பசங்களுக்கும், அதுக்கு காசு எடுத்துக் குடுக்கப்போற அப்பா அம்மாவுக்கும் எந்த ரூபாய் எதுக்குப் போகுதுன்னு யாரும் பொறுமையா சொல்றதில்ல. ஒரு வீட்டுல இவ்ளோ பெரிய தொகை வருஷா வருஷம் எடுக்க முடியாது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல கன்சோல் (டிவில மாட்டி கேம் ஆடுறதுக்குன்னே செஞ்ச பொட்டி) எப்படி அந்த அம்பதாயிர வெலைக்கு கெடைக்குதுன்னு பாத்துடலாம், ஏன்னா மத்த எல்லாக் கணக்கும் அதுலருந்துதான் ஆரம்பிக்குது. சோனியோட பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வெளிநாட்டுல 2020 நவம்பர்ல வந்துச்சு, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2ஆம் தேதி வந்தப்போ டிஸ்க் மாடல் 49,990, டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் 39,990. உள்ள ஏஎம்டியோட 8 கோர் ஸென் 2 ப்ராசஸர், 36 கம்ப்யூட் யூனிட் இருக்கிற ஆர்டிஎன்ஏ 2 கிராபிக்ஸ், 16 ஜிபி மெமரி, செகண்டுக்கு 5.5 ஜிபி படிக்கிற 825 ஜிபி எஸ்எஸ்டி. அன்னைக்கு கிரிப்டோ மைனிங் உச்சத்துல இருந்த நேரம், அம்பதாயிரத்துக்கு உருப்படியா ஒரு கிராபிக்ஸ் கார்டு (பிசில கேம் படத்த வரையுற பாகம்) கெடைக்கிறதே கஷ்டம், முழு பிசிக்கு எங்க போறது. சோனிக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாச்சுன்னா, அவங்க ஆரம்பத்துல நஷ்டத்துக்குத்தான் வித்தாங்க, டிஸ்க் மாடல் இனிமே நஷ்டத்துல போகலன்னு 2021 ஆகஸ்ட்லதான் சொன்னாங்க. எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விக்கிற மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் ஒரு படி மேல, ஃபோர்ட்நைட் கேம் செஞ்ச எபிக் கம்பெனி ஆப்பிள் மேல போட்ட கேஸ்ல 2021ல சாட்சி சொல்ல வந்த மைக்ரோசாஃப்ட் அதிகாரி எக்ஸ்பாக்ஸ் பொட்டிய வித்து இதுவரைக்கும் லாபமே பாத்ததில்லன்னு கோர்ட்லயே சொன்னாங்க. லாபம் எங்கருந்து வருதுன்னா அவங்க ஸ்டோர்ல விக்கிற கேம்ல 30 சதவீதம் அவங்களுக்குப் போயிடும், அதுபோக ஆன்லைன் சந்தா. அதாவது கன்சோல் வாங்குறவங்க பொட்டிக்கு கம்மியா குடுத்துட்டு மிச்சத்த வருஷக்கணக்கா கேம் வழியா குடுக்குறாங்க, பிசி வாங்குறவங்க மொத்தத்தையும் மொதல் நாளே குடுத்துடுறாங்க.

இந்த இடத்துலதான் பிசி ஆளுங்க "கேம் எல்லாம் எங்களுக்கு சல்லிசு"ன்னு சொல்வாங்க, அதுல உண்மை இருக்கு. பிஎஸ்5ல சோனியோட பெரிய கேம் ஒண்ணு புதுசா 4,999 ரூபாய்க்கு வந்துச்சுன்னா அதே கேம் பின்னாடி பிசிக்கு வர்றப்போ 3,999க்கு வரும், பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம் 2015லருந்து ரூபாய்லயே வெல போடுது, சேல் நேரத்துல ரெண்டு மூணு வருஷப் பழைய கேம் எல்லாம் பாதிக்கும் கீழ எறங்கும், எபிக்காரங்க அவங்க ஆன்லைன் கடையில 2018 கடைசிலருந்து எதையாவது இலவசமா குடுத்துட்டிருக்காங்க. எல்லாத்துக்கும் மேல பிசில ஆன்லைன்ல ஆட தனியா காசு கட்ட வேண்டியதில்ல. பிஎஸ்5ல காசு குடுத்து வாங்குன கேம ஆன்லைன்ல ஆடணும்னா பிஎஸ் ப்ளஸ்ங்கற சந்தா வேணும் (ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு வேண்டாம்), அதோட வருஷ சந்தாவ 2023 செப்டம்பர்ல ஏத்திட்டாங்க, கீழ் பிளானே வருஷத்துக்கு நாலாயிரத்த ஒட்டி வரும், அஞ்சு வருஷம் கட்டுனா இருபதாயிரம். எக்ஸ்பாக்ஸ் பக்கம் கேம் பாஸ் அல்டிமேட்ங்கற சந்தா அமெரிக்காவுல மாசம் 20 டாலர்லருந்து 2025 அக்டோபர்ல 30 டாலர் ஆயிடுச்சு.

ஆனா டிஸ்க்க மறந்துடாதீங்க. நம்மூர்ல பழைய டிஸ்க் வாங்கி விக்கிற பழக்கம் நல்லாவே ஓடுது. ஒரு கேம வாங்கி ஒரு மாசத்துல முடிச்சு இன்னொருத்தருக்கு வித்துட்டா உங்களுக்கு நெஜமா செலவாகுறது ஆயிரம் ஆயிரத்தைநூறுதான் இருக்கும், இது ஸ்டீம்ல நடக்கவே நடக்காது, அங்க வாங்குனத விக்க முடியாது. அதனால பத்தாயிரம் மிச்சம்னு டிஜிட்டல் மாடல எடுக்காதீங்க, வருஷத்துக்கு நாலஞ்சு பெரிய கேம் ஆடுறவருக்கு டிஸ்க் ட்ரைவ் அந்தப் பத்தாயிரத்த சீக்கிரமே திருப்பிக் குடுத்துடும். வருஷத்துக்கு இருபது முப்பது கேம் தொட்டுப் பாக்குற ஆளு, சின்னக் குழுக்கள் செய்யுற இண்டி கேம் ஆடுற ஆளு, மாட் (ரசிகர்கள் கேம்ல பண்ற மாத்தம்) போட்டு ஆடுற ஆளுன்னா பிசிதான் மலிவு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இப்போ ரெண்டு லட்சம் விஷயத்துக்கு வர்றேன். காசு கூடக் கூட படம் நல்லா வரும், அது நெஜம், ஆனா எவ்ளோ நல்லா வரும்ங்கறதுதான் கேள்வி. 30 எஃப்பிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 30 படம் (ஃப்ரேம்) திரையில வந்தா, ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லி செகண்ட், 60ல கிட்டத்தட்ட 17, 120ல 8, 240ல 4. முப்பதுலருந்து அறுபதுக்குப் போறப்போ 17 மில்லி செகண்ட் குறையுது, அத யார் வேணா கண்ணால கண்டுபிடிச்சுடலாம், கேம் ஆடாத உங்க அம்மாவே சொல்லிடுவாங்க. அறுபதுலருந்து நூத்திருபதுக்கு 8 குறையுது, ஆடிப் பழகுனவங்களுக்குத் தெரியும். நூத்திருபதுலருந்து இருநூத்திநாப்பதுக்கு வெறும் 4, ஆனா செலவு அங்கதான் எகிறுது. ரெசல்யூஷனும் (திரையில எத்தன புள்ளி, அதாவது பிக்சல்ங்கற கணக்கு) அப்படித்தான், 1080பில திரையில கிட்டத்தட்ட 21 லட்சம் பிக்சல், 1440பில 37 லட்சம், 4கேல 83 லட்சம், அதாவது 4கேக்கு கார்டு 1080பிய விட நாலு மடங்கு பிக்சல வரையணும், நீங்க மேசையில 24 இன்ச் மானிட்டர் வெச்சுருந்தா நாலு மடங்கு அழகு தெரியாது. 55 இன்ச் டிவில தெரியும், ஆனா டிவி முன்னாடி சோஃபால உக்காந்து ஆடுற ஆளுக்குத்தான் கன்சோலே கச்சிதமா பொருந்துது.

மேல் மட்டத்து கார்டுங்க வெல என்னன்னு பாருங்க. 2020ல என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 3090 1,499 டாலர், 2022ல 4090 1,599 டாலர், 2025 ஜனவரில 5090 1,999 டாலர். இந்தியாவுக்கு 5090க்கு அறிவிச்ச வெலையே 2,14,000 ரூபாய்ல ஆரம்பிச்சுது, கடையில அதுக்கும் மேலதான் கேட்டாங்க. வெறும் கார்டு மட்டும் நாலு பிஎஸ்5 வெல. 575 வாட் இழுக்கும், அதனால 1000 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள்ள கரண்ட் குடுக்குற பொட்டி) வேணும், அத தாங்குற கேபினெட், கூலர், ப்ராசஸர், 4கே மானிட்டர்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்து நிக்கும். 4090ல பவர் கனெக்டர் உருகுன கேஸ் எல்லாம் உலகம் பூரா பேசுனாங்க, அத சரியா சொருகிருக்கான்னு பாத்துப் பாத்து சொருகணும். சைபர்பங்க் கேம்ல பாத் ட்ரேசிங் (ஒளி நெஜத்துல போற மாதிரியே கணக்குப் போட்டு வரையுற முறை) போட்டு மழையில நனைஞ்ச ரோட்டுல நியான் லைட் பிரதிபலிக்கிறத இந்த மாதிரி கார்டுல பாத்தா நெஜமாவே அசந்துடுவோம், அத நான் குறைச்சு சொல்லவே மாட்டேன், எந்தக் கன்சோல்லயும் அது வராது. ஆனா அந்த அளவுக்கு ஒளியும் நிழலும் உள்ள கேம் எத்தன இருக்குன்னு எண்ணிப் பாருங்க, வெரல் விட்டு எண்ணிடலாம். பெரும்பாலான கேம் கன்சோல மனசுல வெச்சுத்தான் செய்யுறாங்க, மிச்ச கேம்ல உங்க கார்டு பாதி வேலை கூட இல்லாம நிக்கும்.

கரண்ட் பில்லையும் பாத்துடலாம். தெனம் மூணு மணி நேரம்னு வெச்சா ரெண்டு மாசத்துல 180 மணி நேரம். பிஎஸ்5 ஆடுறப்போ 200 வாட் பக்கம் எடுக்கும், 36 யூனிட் ஆகும். 5090 போட்ட பிசி மொத்தமா 750 வாட் எடுத்தா 135 யூனிட். நம்ம ரெண்டு மாச பில்லுல மொத 100 யூனிட் இலவசம், அது கேமுக்கே போயி மேலயும் ஏறிடும், யூனிட் கூடுனா ஸ்லாப் மாறி ரேட்டும் கூடும். அந்த 750 வாட்டும் கடைசில சூடாத்தான் ரூமுக்குள்ள வருது, சென்னையில மே மாசம் கதவ சாத்திட்டு ஆடிப் பாருங்க, ஏசி இல்லாம உக்கார முடியாது, அப்போ ஏசி யூனிட்டும் சேத்துதான் கணக்கு. கரண்ட் போனா இன்னொரு தொல்லை, வீட்டுக்குன்னு வாங்குற சின்ன 600 விஏ யூபிஎஸ் இந்த மாதிரி மெஷின தாங்கவே தாங்காது.

சரி, அப்போ நடு மட்டத்து பிசி? நான் உண்மையிலயே மதிக்கிறது இதத்தான். ஸ்டீமே மாசா மாசம் வெளியிடுற கணக்குல உலகம் பூரா அதிகம் பேர் இன்னும் 1080பி மானிட்டர்லதான் ஆடுறாங்க, கார்டுல 3060, 4060 மாதிரி ரகம்தான் மேல நிக்குது. 4060 வந்தப்போ 299 டாலர், 115 வாட்தான் எடுக்கும், சாதாரண எஸ்எம்பிஎஸ் போதும், டிஎல்எஸ்எஸ் (கம்மி பிக்சல்ல வரைஞ்சு ஏஐ வெச்சு பெருசாக்குற வசதி) போட்டுட்டா பிஎஸ்5 காட்டுற படத்துக்கு சமமா, நெறய கேம்ல மேலயே வரும். ஆனா அதுல மெமரி 8 ஜிபிதான், புது கேம்ல டெக்ஸ்சர (பொருளுக்கு மேல போர்த்துற படம்) ஹைல வெச்சா அது பத்தாம படம் மங்கும், தடுமாறும், அதனால இன்னைக்கு புதுசா வாங்குறவங்க முடிஞ்சா 12 ஜிபி, 16 ஜிபி கார்டு பாருங்க, கார்டு பேர்ல இருக்கிற நம்பர விட இதுதான் நாலு வருஷம் கழிச்சு ஒதவும். எஸ்எம்பிஎஸ்ல மட்டும் காச மிச்சம் பிடிக்காதீங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி எறங்கி கொட்டேஷன் வாங்குறப்போ மொத்தத் தொகை எங்க ரொம்ப கம்மியா இருக்கோ அங்க பெரும்பாலும் பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ்தான் போட்டிருப்பாங்க, நம்மூர் வோல்டேஜ் ஏத்த எறக்கத்துல அது போனா கூடவே மதர்போர்டையும் கார்டையும் இழுத்துட்டுப் போகும். பில்லுல ஒவ்வொரு சாமானுக்கும் மாடல் பேரும் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லி வாங்குங்க, வாரன்டிக்கு அலையுறப்போ அதுதான் கை கொடுக்கும்.

இந்த நடு மட்டத்து பிசிக்கும் இப்போ ஒரு சிக்கல் வந்திருக்கு. 2025 கடைசிலருந்து ராம் வெல தாறுமாறா ஏறிடுச்சு, ஏஐ டேட்டா சென்டருக்கே மெமரி எல்லாம் போகுது, மைக்ரான் கம்பெனி டிசம்பர்ல க்ரூஷியல் பேர்ல சில்லறை வியாபாரம் பண்றதையே நிறுத்தப்போறதா சொல்லிட்டாங்க. கன்சோலும் வெல ஏத்தத்துல தப்பிக்கல, சாதாரணமா வயசாக ஆக வெல எறங்கும், இந்தத் தடவ அமெரிக்காவுல பிஎஸ்5 டிஸ்க் மாடல் 499 டாலர்லருந்து 2025 ஆகஸ்ட்ல 549க்கு ஏறுச்சு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே வருஷம் ரெண்டு தடவ ஏறி 649 ஆச்சு. நம்மூர்ல 49,990 இருந்த பிஎஸ்5 2022லயே 54,990 ஆச்சு. ஆனா ஏற்கனவே ஒரு பிசி இருக்கிறவங்களுக்கு இதுல வழி இருக்கு, ராமும் ப்ராசஸரும் அப்படியே இருக்கட்டும், கார்டு மட்டும் மாத்துங்க, முப்பதாயிரத்துல வேலை முடியும், புதுசா கன்சோல் வாங்குறத விட அதுதான் லாபம். கன்சோல்ல இந்த மாதிரி பாதிய மாத்துற வேலையே கெடையாது, எஸ்எஸ்டி மட்டும் கூடுதலா சொருகலாம், பிஎஸ்5ல அந்த வசதியும் 2021 செப்டம்பர்லதான் தொறந்து விட்டாங்க.

எத்தன வருஷம் வரும்னு நெறய பேர் கேக்குறாங்க. 2013ல வந்த பிஎஸ்4க்கு 2022 நவம்பர்ல காட் ஆஃப் வார் ரக்னராக் வந்துச்சு, ஒன்பது வருஷம், ஒரு ரூபாய் கூட மேல போடாம. பிசில நல்ல கார்டும் நீடிச்சு ஒழைக்கும், 2017ல 699 டாலருக்கு வந்த 1080 டிஐ கார்ட ஏழு வருஷம் தாண்டியும் வெச்சு ஆடுனவங்க இருக்காங்க. ஆனா பிசில ஒரு நாள் திடீர்னு கதவு சாத்திக்கும், 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், அடுத்த மே மாசம் வந்த டூம் ரெண்டும் ரே ட்ரேசிங் ஹார்டுவேர் (ஒளிக் கணக்கு போடுற தனி பாகம்) இல்லாத கார்டுல ஓடாதுன்னுட்டாங்க, 1080 டிஐ எவ்ளோ வேகமா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதேபோல பேட்டில்ஃபீல்ட் 6க்கு செக்யூர் பூட்ங்கற பிசி பாதுகாப்பு செட்டிங் ஆன்ல இருக்கணும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. கன்சோல் வெச்சிருக்கிறவங்களுக்கு இதெல்லாம் என்னன்னே தெரிய வேண்டியதில்ல.

அந்த நிம்மதிக்கு ஒரு மதிப்பு இருக்கு, அத பிசி ஆளுங்க கணக்குல சேக்குறதில்ல. வேலை முடிச்சு ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆடணும்னு நெனைக்கிற ஆளுக்கு ட்ரைவர் அப்டேட்டு, ஷேடர் கம்பைல் (கிராபிக்ஸ் கோட உங்க கார்டுக்கேத்த மாதிரி தயார் பண்றது) ஆகுறதுக்குக் காத்திருக்கிறது, செட்டிங்ஸ்ல எத குறைக்கிறதுன்னு ஆராய்ச்சி பண்றது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தையே தின்னுடும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2023 மார்ச்ல பிசிக்கு வந்தப்போ அவ்ளோ மோசமா ஓடுச்சு, காசு நெறய போட்ட மெஷின்லயும் தடுமாறுச்சு. காசு போட்டா எல்லா கேமும் வெண்ணெயா ஓடும்னு சொல்றவங்கள நம்பாதீங்க, கேம் செஞ்சவங்க பிசிக்கு ஒழுங்கா கொண்டுவரலன்னா 5090ம் ஒண்ணும் பண்ண முடியாது. கன்சோல் பக்கமும் குத்தமில்லாம இல்ல, சைபர்பங்க் 2020 டிசம்பர்ல பிஎஸ்4ல வந்த லட்சணத்துக்கு சோனி அத ஒரே வாரத்துல ஸ்டோர்லருந்தே தூக்குச்சு, திரும்பி வர அடுத்த ஜூன் ஆச்சு. கன்ட்ரோலர்ல ஸ்டிக் ட்ரிஃப்ட் (தொடாமலே ஸ்டிக் தானா நகருற மாதிரி ஆகுறது) வர்றதும் ஊரறிஞ்ச விஷயம், புதுசு ஒண்ணு ஆறாயிரத்த ஒட்டி வரும்.

இத்தன பேசியும், கடைசில உங்க முடிவ மாத்துறது நீங்க என்ன கேம் ஆடுறீங்க, யாரோட ஆடுறீங்கங்கறதுதான். உங்க செட்டு மொத்தமும் ராத்திரி டிஸ்கார்ட் ஆப்ல கூடி வாலரன்ட், சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2)ன்னு ஷூட்டிங் கேம் ஆடுதுன்னா பிஎஸ்5 வாங்கி என்ன பண்ணப் போறீங்க? சிஎஸ்2 கன்சோல்லயே கெடையாது, வாலரன்ட் 2024ல கன்சோலுக்கு வந்தாலும் பிசி ஆளுங்களோட சேந்து ஆட முடியாது. இந்த மாதிரி கேமுக்கு பெரிய கார்டும் தேவையில்ல, நடு மட்டத்து பிசில செகண்டுக்கு 144 ஃப்ரேம் காட்டுற ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் நல்ல மவுஸும் போதும், அந்தக் காசுதான் ஆட்டத்துல நேரடியா தெரியும். இன்னொரு பக்கம் ஜிடிஏ 6க்காக காத்திருக்கிறவங்க. 2025 நவம்பர்ல தள்ளி வெச்சப்போ சொன்ன தேதி 2026 நவம்பர் 19, பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும், பிசி பத்தி அப்போ ஒண்ணும் சொல்லல. ஜிடிஏ செய்யுற ராக்ஸ்டார் கம்பெனி பழக்கம் தெரிஞ்சதுதான், ஜிடிஏ 5 2013 செப்டம்பர்ல கன்சோல்ல வந்து 2015 ஏப்ரல்லதான் பிசிக்கு வந்துச்சு, ரெட் டெட் 2 ஒரு வருஷம் கழிச்சு வந்துச்சு. அதுக்காகவே ரெண்டு லட்சத்துல பிசி கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கிறதுல எனக்கு எந்த ஞாயமும் தெரியல.

வீட்டுல தம்பி தங்கச்சி, அக்கா பசங்க எல்லாரும் சேந்து ஹால்ல உக்காந்து கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் ஆடுற வீடுன்னா கண்ண மூடிட்டு கன்சோல் வாங்குங்க, ரெண்டாவது கன்ட்ரோலரோட சேத்து. பிசிய ஒருத்தர்தான் பூட்டி வெச்சுக்குவாங்க. அதே வீட்டுல இன்ஜினியரிங் படிக்கிற பையனோ, வீடியோ எடிட்டிங், பிளெண்டர்ல த்ரீடி வேலை, மெஷின் லேர்னிங்னு எறங்குற பொண்ணோ இருந்தா, எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கித்தான் ஆகணும், அப்போ அந்தக் காசு கேமுக்கான காசு இல்ல. படிப்புக்கு வாங்கப்போற நாப்பதாயிரத்து மெஷினுக்கு மேல ஒரு முப்பதாயிரம் போட்டா நல்ல கார்டோட வருது, பிளெண்டர்ல ரெண்டர் பண்றதும் அந்த கார்டுலதான் ஓடும், இந்தக் கணக்குல கன்சோல் தோத்துடும். வீடியோ எடிட்டிங்கோ த்ரீடி வேலையோ பண்ணி சம்பாதிக்கிறவங்க ஒன்றரை ரெண்டு லட்சம் போடுறதுலயும் தப்பே இல்ல, அது தொழிலுக்கான மெஷின், கேம் அதுல கூட வர்ற சலுகை.

ஹாஸ்டல்ல இருக்கிறவங்க கேமிங் லேப்டாப் பத்தி கேப்பீங்க. எடுத்துட்டுப் போக வேற வழியில்லன்னா வாங்குங்க, ஆனா ஸ்டிக்கர்ல இருக்கிற பேர நம்பி வாங்காதீங்க. லேப்டாப்ல வர்ற 4060ஐ 35 வாட்லருந்து 115 வாட் வரைக்கும் கம்பெனிக்கு கம்பெனி வேற வேற அளவுல வெக்கலாம், ரெண்டு லேப்டாப்லயும் 4060னு ஒரே பேர் இருக்கும், வேகம் எங்கயோ வித்தியாசப்படும். 4090 போட்ட லேப்டாப் மூணு லட்சத்த தாண்டும், உள்ள இருக்கிறது டெஸ்க்டாப் 4090ல இருக்கிற சிப்பே கெடையாது, ஒரு படி கீழ இருக்கிற சிப், மெமரியும் 24க்கு பதிலா 16 ஜிபி. அதனால கடைக்காரர்கிட்ட கார்டு எத்தன வாட்டுல செட் பண்ணிருக்குன்னு கேளுங்க, அவருக்குத் தெரியலன்னா கம்பெனி சைட்ல அந்த மாடலோட ஸ்பெக் பக்கத்துல பாருங்க, அதுலயும் போடலன்னா அந்த மாடல விட்டுட்டு வாட் எவ்ளோன்னு தெளிவா போட்டிருக்கிற வேற மாடல பாருங்க.